கைடு வீட்டு அம்மா

வெகு காலம் எனக்குப் பிடிக்காமல் இருந்த ஓர் அம்மாவைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அந்த அம்மா எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. செய்ததெல்லாம் நல்லதுதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். என் வீட்டுக்காரருக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு. பையனின் படிப்புக்காகத் திருவண்ணாமலைக்கு வந்து ஒத்தவாடைத் தெருவில் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். அவர் காலை பஸ்ஸில் நிலத்துக்குப் போவார். நான் கோயிலுக்குப் போய் அண்ணாமலையாரைப் பார்த்துவிட்டு வந்துதான் அடுப்பு மூட்டுவேன். ஒரே பிள்ளை. எழுபதுகளின் கடைசியில் அவன் எம்.எஸ்ஸி. முடித்து மெட்ராஸில் பி.எச்டி. ஆராய்ச்சிக்குச் சேர்ந்தான்.

ஆராய்ச்சி என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. வகுப்பு கிடையாது, மணி அடிக்காது, பரீட்சை கிடையாது. கைடு என்று ஒரு பேராசிரியர் இருப்பார். எதைத் தேட வேண்டும், எப்படித் தேட வேண்டும் என்று அவர் வழி காட்டுவார். அவர் சரி என்றால்தான் பட்டம்.

“குரு மாதிரின்னு சொல்லு” என்றேன்.

“குருவும் இல்ல, அப்பாவும் இல்லம்மா. கைடுன்னா கைடு.”

அதோடு நிற்கவில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் சார் இப்படிச் சொன்னார், சார் அப்படிச் சொன்னார் என்பான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். படிப்புச் சமாச்சாரம், நமக்கு என்ன தெரியும் என்று இருந்தேன். ஒரு நாள் இட்லி தின்றுகொண்டே, “அங்க அம்மா மாவ இன்னும் கொஞ்சம் நெகிழக் கரைப்பாங்க” என்றான்.

“எந்த அம்மா?”

“சார் வீட்டு அம்மா. ஞாயித்துக்கிழமை நாங்க ஆராய்ச்சிப் பசங்கள்லாம் அவங்க வீட்லதான் சாப்பிடுவோம். ஹாஸ்டல்ல அன்னிக்கி ராத்திரி மெஸ் இல்ல.”

அங்க அம்மா. அப்படியென்றால் நான் இங்க அம்மா. கையில் இருந்த சட்னிக் கிண்ணத்தை அவன் தட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் ஓசையாகத்தான் வைத்தேன். அவன் கவனிக்கவில்லை.

பிறகு ஒரு தடவை வந்தவன், “அம்மா, நாளைக்குக் கோயிலுக்குப் போறப்ப சார் வீட்டு அம்மா பேருக்கு ஓர் அர்ச்சனை பண்ணிடு” என்றான்.

“பண்ணலாம். நட்சத்திரம் தெரியணுமே” என்றேன். தெரியாது என்பான், அதோடு போகும் என்று நினைத்தேன்.

“உத்திரட்டாதி” என்றான், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

“என் நட்சத்திரம் இன்னா, சொல்லு பாக்கலாம்?”

யோசித்தான். “கார்த்திகையா?”

“பூசம்டா.”

“சரி, சரி” என்று சிரித்தான். மறுநாள் அம்மன் சன்னதியில் உத்திரட்டாதி நட்சத்திரத்துக்கு அர்ச்சனை பண்ணினேன். பண்ணாமல் வந்து பண்ணினேன் என்று சொல்ல எனக்குப் பயம். ஆனால் மனசு அர்ச்சனையில் இல்லை. அந்த அம்மா குண்டாக இருப்பாளா, ஒல்லியாக இருப்பாளா என்றுதான் அங்கே நின்றபோது யோசித்தேன்.

மூன்றாம் வருஷம் அவன் ஆராய்ச்சி எங்கள் நிலத்துக்கே வந்தது. எங்கள் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். மல்லாட்டைச் செடிக்கு மழைக்காலத்தில் இலைப்புள்ளி நோய் வரும். இலையெல்லாம் கறுப்புப் புள்ளி விழுந்து, மஞ்சளாகி உதிர்ந்து போகும். எந்த மருந்தை எந்த நாளில் அடித்தால் நோய் நிற்கும் என்பதுதான் அவன் பார்க்க வேண்டியது. சொந்த நிலம் இருக்கும்போது வேறு எங்கே போவது? ஆடியில் விதைத்து, நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்தான். ஒவ்வொன்றிலும் குச்சி நட்டுத் துணி கட்டினான். சிவப்புத் துணி கட்டினதற்கு ஒரு மருந்து, பச்சைக்கு ஒரு மருந்து. வெள்ளைத் துணி கட்டிய பாத்திகளில் எதுவுமே அடிக்கக் கூடாது.

“ஏன்டா?” என்றார் அவன் அப்பா.

“சார் சொல்லியிருக்கார்.”

அவ்வளவுதான் விளக்கம். சிவப்புக்கும் பச்சைக்கும் அடிக்க வேண்டிய தேதிகளை அப்பாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பையன் மெட்ராஸுக்குப் போய்விட்டான், ஐப்பசியில் சாரோடு வருவதாகச் சொல்லி. இங்கே புரட்டாசியில் வெள்ளைத் துணிப் பாத்திகளில் புள்ளி விழ ஆரம்பித்தது. பக்கத்து நிலத்து அம்மாள் வரப்பில் நின்று கேட்டாளாம்: “இன்னாண்ணா, பையன் டாக்டருக்குப் படிக்கிறான்னீங்க. பயிருக்கு வைத்தியம் பாக்க மாட்டேன்றானா?” அவர் வீட்டுக்கு வந்து சோறு சரியாகத் தின்னவில்லை. நான்கூட, “எல்லாம் அந்த வாத்தியார் யோசன. பெத்தவங்க சொல்லு இப்ப ஏறாது” என்று என் பங்குக்கு ஒன்று சொன்னேன். அது அவருக்கு எரிச்சலை ஜாஸ்தியாக்கியது.

ஐப்பசியில் கைடும் அவர் வீட்டு அம்மாவும் வந்தார்கள். காலையில் கோயிலுக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மா குண்டும் இல்லை, ஒல்லியும் இல்லை. என்னைவிடச் சின்னவள், நூல் சேலை, கையில் ஒரு கடிகாரம். கோயில் பிரகாரத்தில் நடந்துகொண்டே, “அக்கா, நம்ம பையன் உங்க ஊரு மலையப் பத்திப் பேசாத நாளே கெடயாது” என்றாள். நம்ம பையன் என்றால் எனக்கும் அவளுக்கும் சேர்த்து என்று அர்த்தம். எனக்குக் காது எரிந்தது. “ஆமாங்க” என்றேன்.

வீட்டில் இலை போட்டேன். அவனுக்குப் பிடிக்குமென்று உருளைக்கிழங்கை எண்ணெயில் முறுகலாக வறுத்திருந்தேன். அவன் இலையில் வைக்கப் போனபோது அந்த அம்மா குறுக்கே கை நீட்டினாள்.

“எண்ணெய் வேணாங்க அவனுக்கு. காமாலை வந்த ஒடம்பு. இன்னும் கொஞ்ச நாள் ஜாக்கிரதையா இருக்கட்டும்.”

நான் கரண்டியோடு அப்படியே நின்றேன். “காமாலையா? யாருக்கு?”

எல்லாரும் இலையைப் பார்த்தார்கள். பையன்தான் மெதுவாகச் சொன்னான். “சித்திரையில வந்துதும்மா. நீ பயந்துடுவன்னு எழுதல. அம்மா வீட்லயே வச்சிப் பாத்துகிட்டாங்க.”

“கீழாநெல்லி அரைச்சு மோர்ல குடுத்தேன், அக்கா. டாக்டர்கிட்டயும் காட்டினோம். நீங்க கவலப்படாதீங்க” என்றாள் அந்த அம்மா.

சித்திரை மாசப் பௌர்ணமிக்கு நான் மலை சுற்றினேன். வெறுங்காலோடு, வழியெல்லாம் அவன் பேரைச் சொல்லிக்கொண்டு சுற்றினேன். அதே நேரத்தில் அவன் மஞ்சள் பூத்த கண்ணோடு இன்னொருத்தி வீட்டுக் கூடத்தில் படுத்திருந்தான். நன்றி சொல்ல வேண்டிய இடம் அது. எனக்கு வாய் வரவில்லை. வறுவல் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். கிணற்றடியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டு, மறுபடியும் வந்து ரசம் ஊற்றினேன்.

சாயங்காலம் எல்லாரும் நிலத்துக்குப் போனோம். பையன் முன்னால் ஓடினான். வரப்பு ஏறியதும் அப்படியே நின்றுவிட்டான்.

சிவப்புத் துணிப் பாத்தி பச்சையாக இருந்தது. பச்சைத் துணிப் பாத்தியும் பச்சையாக இருந்தது. வெள்ளைத் துணிப் பாத்திகளும் அதே பச்சை. காற்றில் எல்லாம் ஒன்றுபோல ஆடின.

“அப்பா” என்றான். “வெள்ளைக்கு ஏதாவது அடிச்சியா?”

அவர் பெருமையாகத்தான் சொன்னார். “புள்ளி விழுந்த ஒடனே அடிச்சேன். அப்பறம் ரெண்டு வாட்டி அடிச்சேன். வாத்தியார் ஐயா வராரு, பயிரு ஒரு பக்கம் கருகிக் கெடந்தா ஒனக்குத்தானே அவமானம்?”

பையன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். கைடு அவனைப் பார்த்துத்தான் முதலில் பேசினார்.

“அப்பாகிட்ட என்ன சொன்ன?”

“அடிக்கக் கூடாதுன்னு சொன்னேன், சார்.”

“ஏன்னு சொன்னியா?”

அவன் வரப்பு மண்ணைக் கிள்ளினான்.

“அப்ப தப்பு உன்னோடது” என்றவர், என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். “ஐயா, மருந்து அடிச்ச பாத்தி நல்லா இருக்குன்னு வைங்க. அது மருந்தாலயா, இந்த வருஷம் மழை நல்லா பேஞ்சதாலயா? எப்படித் தெரியும்?”

“எப்படிங்க தெரியும்?”

“பக்கத்துலயே அடிக்காத ஒண்ணு இருந்தாத்தானே தெரியும்? அதே மண்ணு, அதே மழை, மருந்து மட்டும் இல்ல.”

“அதுக்கு அது சாவணுமா?”

“சாகணும்ங்க. விட்டுடணும்.”

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். 

எனக்கு நிலைமை அங்கேதான் புரிந்தது. இந்த வருஷப் பயிர் அவன் ஆராய்ச்சிக்கு உதவாது. மாசாமாசம் அவனுக்கு வருகிற உதவிச் சம்பளம் பங்குனியோடு நின்றுவிடும். மழைக்காலத்து நோய்க்கு அடுத்த ஆடி விதைப்பை விட்டால் வேறு வழி இல்லை. அதுவரை சாப்பாட்டுக்கு என்ன செய்வது, திரும்பவும் இதே கதி ஆனால் என்ன செய்வது? படிப்பை விட்டுவிட்டு ஏதாவது வேலைக்குப் போய்விடுகிறேன் என்று பையன் தலையைக் குனிந்தபடி சொன்னான். சொன்னது என்னிடம் இல்லை, அவன் அப்பாவிடமும் இல்லை. அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னான். அவள் அவன் பக்கத்தில் வந்து குனிந்து, “மொதல்ல எழுந்திரு, மண்ணு ஈரமா இருக்கு” என்றாள்.

கைடு சொன்னார்: “என் புராஜெக்ட்ல ஒரு வருஷம் உதவியாளா போட்டுக்கறேன். சம்பளம் கம்மிதான். தங்கறதுக்கு எங்க வீட்டு மாடி ரூம் இருக்கு. அத நான் பாத்துக்குவேன். ஆனா நிலம் எங்கிட்ட இல்ல. ஐயா, இன்னொரு தடவை குடுப்பீங்களா? இந்த வாட்டி வெள்ளையத் தொடாம?”

என் வீட்டுக்காரர் நிலத்தைப் பார்த்தபடியே தலையை ஆட்டினார். மாட்டேன் என்றா, முடியாது என்றா, தெரியவில்லை. “என்னால பாத்துகிட்டு இருக்க முடியாதுங்க” என்றார் கடைசியில்.

சாப்பாடு அவள் போடுகிறாள். காமாலைக்கு மருந்து அவள் அரைக்கிறாள். இனிமேல் படுக்கவும் அவள் வீட்டு மாடி. ஆனால் மல்லாட்டை போடுகிற மண் அவளிடம் ஒரு பிடி கிடையாது.

“நான் பாத்துக்கறேன்” என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “அடுத்த ஆடிக்கு வெதைக்கட்டும். வெள்ளைத் துணிப் பாத்திகிட்ட ஒருத்தரையும் விட மாட்டேன்.”

“நெசமாவா, அக்கா?” என்றாள் அந்த அம்மா.

“எம்புள்ளைக்குத்தாங்க” என்றேன். எம்புள்ளை என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன்.

அடுத்த ஆடியில் பையன் விதைத்துவிட்டுப் போனான். நான் தினமும் அவரோடு அதே பஸ்ஸில் நிலத்துக்குப் போக ஆரம்பித்தேன். ஸ்பிரேயரை வீட்டுக்கு எடுத்துவந்து பரணில் ஏற்றினேன். சிவப்புக்கும் பச்சைக்கும் அடிக்கிற நாளில் மட்டும் பையன் வந்து இறக்குவான், அவனே அடிப்பான், நான் மறுபடியும் ஏற்றிவிடுவேன். அவர் முறைப்பார்.

“என் நெலத்துல எனக்கே காவலா?”

“ஆமாங்க.”

கோயிலில்தான் எனக்குக் கஷ்டம். ஒவ்வொரு வருஷமும் விதைப்பு முடிந்ததும் அண்ணாமலையார் விபூதியை நிலத்தில் தூவி, பூச்சி நோய் வராமல் காப்பாற்று சாமி என்பேன். இந்த வருஷம் சன்னதியில் கை கூப்பி நின்றேன், வாய் திறக்கவில்லை. நோய் வரட்டும் என்று எந்தச் சம்சாரி வீட்டுப் பெண் சாமியிடம் கேட்டிருப்பாள்? குருக்கள் நீட்டிய விபூதியை மடியில் முடிந்துகொண்டு வந்தேன். அதற்கு அடுத்த சந்தேகம் வந்தது. வெள்ளைத் துணிப் பாத்தியில் விபூதி போடலாமா? அதுவும் ஒரு மருந்துதானே? சாமி காப்பாற்றிவிட்டால் பையன் கணக்கு கெட்டுப்போகுமே? அவன் வந்தபோது கேட்டேன்.

“சார்கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்றான்.

எனக்கு வந்த கோபம்! “அண்ணாமலையார் விபூதிக்கு மெட்ராஸ் வாத்தியார் உத்தரவு வேணுமா?”

ஆனால் போடாமல் காத்திருந்தேன். அடுத்த முறை வந்து சொன்னான்: “சார் போடலாம்னாரும்மா. எல்லாப் பாத்திக்கும் ஒரே அளவாப் போடச் சொன்னார். ஒண்ணுக்கு ஜாஸ்தி, ஒண்ணுக்குக் கம்மி இருக்கக் கூடாதாம்.”

சிரித்திருப்பார், கேலி பண்ணியிருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். “சிரிச்சாரா?” என்று கேட்டும்விட்டேன்.

“இல்லம்மா. கொஞ்சம் யோசிச்சிட்டுத்தான் சொன்னார். அம்மாதான் சொன்னாங்க, ஒங்கம்மா கெட்டிக்காரின்னு.”

அந்தச் சமாச்சாரமும் அங்கே அடுப்படி வரைக்கும் போயிருக்கிறது. பாராட்டுதான். வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை. சிட்டிகை சிட்டிகையாக எண்ணி, எல்லாப் பாத்திக்கும் ஒரே அளவாகப் போட்டேன்.

புரட்டாசியில் புள்ளி விழுந்தது. முதல் இலையைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வந்தது, உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நாளுக்கு நாள் வெள்ளைத் துணிப் பாத்திகள் மஞ்சளாகின. காலால் தொட்டால் இலை கொட்டியது. பக்கத்து நிலத்து அம்மாள் இப்போது என்னிடம் வந்தாள்.

“இன்னாக்கா, சீக்காளிய நடு வீட்ல படுக்க வச்சிகினு வேடிக்க பாக்கற?”

“வேடிக்க இல்லடி, காவல்.”

“நோவுக்குக் காவலா! நல்லாருக்கே ஒங்க படிப்பு!”

அவள் பேச்சைவிட என் வீட்டுக்காரரைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. வரப்பு ஓரம் குந்தி, வெள்ளைத் துணிப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் மத்தியானம், “ஒரே ஒரு பாத்திக்கு அடிச்சா தெரியவா போவுது?” என்று கெஞ்சினார். புருஷன் என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. “அடிச்சா ஒங்க புள்ள அந்த வீட்லயே தங்கிடுவான்” என்றேன். ஆராய்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அது அவருக்குப் புரிந்தது. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். அதன் பிறகு கேட்கவில்லை.

அறுப்பு நாளில் பையன் தராசோடு வந்து சிவப்பிலும் பச்சையிலும் முதலில் பிடுங்கச் சொன்னான். கொத்துக் கொத்தாகக் காய் வந்தது. கடைசியில் வெள்ளைத் துணிப் பாத்திக்குள் இறங்கினான். செடி கையோடு வந்தது. காம்பெல்லாம் அழுகி, ஒன்றிரண்டு சுருங்கின காய்தான் தொங்கியது. அடுத்ததைப் பிடுங்கினான், அதற்கடுத்ததைப் பிடுங்கினான். தராசில் போட்டால் தட்டு இறங்கவே இல்லை. மண்ணும் கையுமாக ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

“அம்மா, ஒண்ணுமே இல்லம்மா! ஒண்ணுமே இல்ல!”

எங்கள் ஜில்லாவில் மல்லாட்டை விளையாததற்கு அப்படிக் குதித்தவன் அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். அவன் அப்பாகூடச் சிரித்துவிட்டார். நான் அவன் தலையில் இருந்த மண்ணைத் தட்டினேன். அந்த ஒரு நிமிஷம் அவன் முழுக்க எனக்கே எனக்காக இருந்தான்.

அடுத்த நிமிஷம், “மத்தியான பஸ்ஸப் பிடிச்சா ராத்திரி சாப்பாட்டுக்குள்ள போயிடலாம். சாருக்கும் அம்மாவுக்கும் சொல்லணும்” என்று கால் கழுவ ஓடினான்.

அங்கே போய் வாசலில் நின்று இதே மாதிரி, “அம்மா, ஒண்ணுமே இல்லம்மா” என்று குதிப்பான். அவள் அவன் தலையைத் தடவுவாள். அந்தப் படம் என் கண்ணுக்கு முன்னால் அப்படியே வந்தது.

“நானும் வரேன்” என்றேன்.

“நீயா? மெட்ராஸுக்கா? இந்தச் சேலையோடயா?”

“சேலைக்கு இன்னா கொறச்சல்?”

முழங்கால் வரை செம்மண் அப்பிய சேலையோடு திருவண்ணாமலையில் பஸ் மாறினேன். செஞ்சி, திண்டிவனம் எல்லாம் போனது. அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தான், எந்தப் பாத்தியில் எவ்வளவு, எதை எதால் வகுக்க வேண்டும் என்று. எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்னிடம் சொல்கிறானே என்று ஊம் கொட்டிக்கொண்டு வந்தேன்.

அந்த வீட்டுப் படி ஏறும்போது அவனைப் பின்னால் தள்ளிவிட்டு நானே கதவைத் தட்டினேன். அந்த அம்மா திறந்தாள். என்னைப் பார்த்துத் திகைத்தாள். அவள் வாய் திறப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

“எங்க நெலத்துல ஒண்ணுமே வெளையலங்க!”

அவள் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. “ஏங்க, இங்க வாங்களேன்! ஒண்ணுமே விளையலையாம்! அக்கா காப்பாத்திட்டாங்க!” என்று உள்ளே பார்த்துக் கூவினாள். கைடு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். பையன் நீட்டிய கணக்கை வாசலிலேயே நின்று படித்தார். “எழுத ஆரம்பிடா” என்றார். பட்டம் வர அதற்கப்புறமும் காலம் பிடித்தது. ஆனால் அது வரும் என்பது அந்த வாசலிலேயே தெரிந்துவிட்டது.

நான்தான் முதலில் சொன்னேன் என்ற நிறைவோடு கூடத்தில் உட்கார்ந்தேன். பையன் நேராகச் சமையலறைக்குள் போனான். விளக்குகூடப் போடவில்லை. இருட்டில் கையை நீட்டி அலமாரியிலிருந்து டம்ளர் எடுத்து, பானையில் மொண்டு மடமடவென்று குடித்தான். எங்கள் வீட்டில் அவன் தண்ணீர் கேட்டுத்தான் குடிப்பான்.

“எனக்கும் ஒரு டம்ளர் கொண்டாடா” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.